மாத்திரையை நிறுத்தச் சொன்னவருக்கு

சிவகாசி பக்கம் நாரணாபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் போன மாதம் வயசானவர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. இயற்கை உணவு ஆலோசகர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பேச்சின் சாரத்தைத் துண்டறிக்கையாகவும் கொடுத்தார்கள். மறதி என்பது நாக்கு செய்த பாவம். பாட்டன் பூட்டனுக்கு இந்த நோய் கிடையாது. தினமும் பத்துப் பாதாம், நாலு வால்நட், கூடவே அவர் தரும் வல்லாரைப் பொடி என்று மூன்று மாதம் சாப்பிட்டால் போன நினைவு திரும்பும். அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டும். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் மூளையை மந்தமாக்குவதால் நிறுத்திவிட வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தீப்பெட்டி ஆபீசிலும், பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையிலும் முப்பது நாற்பது வருஷம் உழைத்து ஓய்ந்த பெண்கள். என் பக்கத்தில் இருந்தவர் அடுத்த வீட்டு அத்தை. அந்த வாரமே அவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இந்த எதிர்வினையை எழுத வைத்தது அதுதான்.

முதலில் பாட்டன் பூட்டன் கதை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிய காலத்தில் இந்தியனின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வருஷம். குழந்தைச் சாவுகளே அந்தக் கணக்கை அவ்வளவு கீழே இழுத்தன என்பது உண்மை. ஆனாலும் எண்பதைத் தொட்டவர்கள் அன்று மிகக் குறைவு. மறதி நோய் பெரும்பாலும் பிடிக்கும் வயது வரும் முன்பே சனங்கள் போய்ச் சேர்ந்தார்கள். தப்பிப் பிழைத்த சிலருக்கு அது வரத்தான் செய்தது. 'நினைவு தப்பிப்போச்சு' என்று நம் கிழவிகள் சொன்னதும், 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று ஈழத்தில் சொல்வதும் இல்லாத நோய்க்கு வைத்த பெயர்களா? இன்று 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை பேரும் நாக்கை அடக்காதவர்கள் என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு கல்நெஞ்சு வேண்டும்!

மூளைக்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கீரை, பயறு, கொட்டை, மீன், முழுத்தானியம் ஆகியவற்றைக் கூட்டி, பொரித்ததையும் இனிப்பையும் குறைக்கும் 'மைண்ட்' உணவுமுறையை அமெரிக்காவில் மார்த்தா கிளேர் மோரிஸ் குழுவினர் 2015-ல் முன்வைத்தார்கள். அதைக் கடைப்பிடித்தவர்களிடம் அல்சைமர் என்ற மறதி நோய் குறைவாக இருந்ததை அவர்களின் கவனிப்பு ஆய்வு காட்டியது. பிறகு அதே உணவைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரண்டு குழுக்களில் சோதித்தார்கள். 604 பேர், மூன்று வருஷம். வழக்கமான உணவையே கொஞ்சம் அளவு குறைத்துச் சாப்பிட்ட குழுவுக்கும் இவர்களுக்கும் நினைவாற்றலில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று 2023-ல் முடிவு வந்தது. முறையாகத் திட்டமிட்ட முழு உணவு மூன்று வருஷத்தில் காட்டாத பலனை, ஒரு டப்பா பொடி மூன்று மாதத்தில் காட்டும் என்கிறீர்கள். எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்?

பலன் தெரிந்த ஆய்வும் உண்டு. பின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1260 பேரிடம் இரண்டு வருஷம் நடந்து, 2015-ல் வெளியானது. அங்கே உணவு தனியாக நிற்கவில்லை. உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தம் முதலியவற்றை விடாமல் கண்காணிப்பது எல்லாம் சேர்ந்திருந்தன. நீங்கள் அதிலிருந்து ஒரு காலை மட்டும் பிடுங்கிவந்து, மற்றொரு காலை ஒடிக்கச் சொல்கிறீர்கள்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியாவுக்கு நாம் மாற்றக்கூடிய காரணங்களாகப் பதினான்கைச் சொல்கிறது. அவை அனைத்தையும் சரிசெய்தால் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அதன் மதிப்பீடு. அந்தப் பதினான்கில் உணவு என்று தனித் தலைப்பே இல்லை. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன் வழியாகத்தான் உணவு உள்ளே வருகிறது. பட்டியலில் வேறு என்ன இருக்கிறது தெரியுமா? காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, தனிமை, மனச்சோர்வு, காற்று மாசு. பிறகு, சின்ன வயதில் கிடைக்காமல் போன படிப்பு.

இந்தக் கடைசிக் காரணத்தை அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு எப்படி மறந்தீர்கள்? உங்கள் முன்னால் இருந்த பெண்களில் பலர் எட்டு, ஒன்பது வயதில் ஸ்லேட்டை வைத்துவிட்டுக் குச்சி அடுக்கப் போனவர்கள். விடியுமுன் வந்து நின்ற வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றப்பட்டவர்கள். சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம், 'குட்டி ஜப்பான்' என்று பெயரெடுத்த இந்தச் சிவகாசி மண்ணின் கதை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. இவர்களுக்கு அது மிகவும் பிந்தி வந்த தீர்ப்பு. எழுத்தும் கணக்கும் பழகிய மூளை, வயதாகும்போது சேதத்தைக் கூடுதலாகத் தாங்குகிறது. அந்தச் சேமிப்பை இவர்களிடமிருந்து ஊரே பறித்தது. பறிகொடுத்தவளைப் பார்த்து, 'உன் நாக்குதான் குற்றவாளி' என்கிறீர்கள்.

அலுமினியத்துக்கு வருகிறேன். சமையல் பாத்திரம் அல்சைமரை உண்டாக்கும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அந்த உலோகத்தின் தூளை மூச்சில் இழுப்பது வேறு விஷயம். கனடாவின் ஒன்டாரியோ சுரங்கங்களில் நுரையீரலைக் காக்கும் என்று நம்பி, 1943 முதல் 1979 வரை தொழிலாளர்களை 'மெக்கின்டயர் பவுடர்' என்ற அலுமினியத் தூளைச் சுவாசிக்க வைத்தார்கள். அப்படிச் சுவாசித்தவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியதாக 1990-ல் லான்செட் இதழில் ஆய்வு வந்தது. நாரணாபுரத்தில் பட்டாசுக்கு அலுமினியத் தூள் சேர்ந்த மருந்து கலக்குகிறவர்கள் சாயங்காலம் உடம்பெல்லாம் வெள்ளி பூசியதுபோல வீடு திரும்புகிறார்கள். அந்தக் கையோடு தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்ட நாட்கள் அவர்களுக்கு ஏராளம். உணவைப் பற்றிப் பேச வந்தவருக்கு இதுதானே முதல் பேச்சாக இருந்திருக்க வேண்டும்? முகக்கவசம், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ இடம், வேலைத்துணியை ஆலையிலேயே மாற்ற ஒரு அறை. இவற்றைக் கேட்டால் முதலாளிகள் முகம் சுளிப்பார்கள். பாத்திரத்தைக் குறை சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

பாதாம், வால்நட், பொடி மூன்றையும் வாங்கினால் மாதம் 1200 ரூபாய் முதியோர் உதவித்தொகை பறந்துவிடும். வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும். கீரையாக அது நல்லது. டப்பாவில் அடைத்த பொடியின் சங்கதி வேறு. பாஸ்டன் பகுதித் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் நரம்பைத் தின்னும் நஞ்சு. உங்கள் பொடிக்குப் பரிசோதனைச் சான்று கேட்டேன். 'நம்பிக்கை வேணும்' என்றீர்கள். நான் கேட்டது தாள்.

மறதியில் உண்மையாகவே சாப்பாட்டோடு கட்டுண்ட ஒன்று உண்டு. அதை நீங்கள் வாய் திறந்து சொல்லவே இல்லை. அது பி12 வைட்டமின். மீன், முட்டை, இறைச்சி, பாலில் கிடைப்பது. வயதானால் வயிறு அதை முன்போல உறிஞ்சுவதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். குறைந்தால் மறதி வரும், பாதம் எரியும், நடை தள்ளாடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ தேறுகிறவர்கள் பலர். பாதாமில் பி12 இல்லை. வால்நட்டிலும் இல்லை. மூன்று மாதம் பொடி தின்று காத்திருந்தால் அந்த மூன்று மாதமும் நரம்பு கெடும்.

நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே சொல்ல எவ்வளவோ இருந்தது. கம்மங்கஞ்சி, தட்டப்பயறு, முருங்கைக்கீரை, பண்ணைக்கீரை, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் மத்தி மீன், ரேஷன் துவரம்பருப்பு. எண்ணெய்ப் பரோட்டாவையும் காரச்சேவையும் என்றைக்காவது ஒருநாள் என்று வைத்துக்கொள்ளலாம். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் ஏறும் உப்பைக் குறைக்கலாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதிலெல்லாம் விற்க டப்பா இல்லை.

மாத்திரைதான் எல்லாவற்றிலும் கொடுமை. ஏறிய ரத்த அழுத்தம் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை ஓசையில்லாமல் அரிக்கிறது. அமெரிக்காவில் 9361 பேரை வைத்து நடத்தி 2019-ல் வெளியான 'ஸ்பிரின்ட் மைண்ட்' ஆய்வில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் லேசான அறிவுத்திறன் குறைவு, வழக்கமான சிகிச்சைக் குழுவைவிட 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவும் குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பிரஷர் மாத்திரை மூளையை மந்தமாக்கும் என்ற உங்கள் பேச்சுக்கு நேர் எதிராகத்தான் சான்று நிற்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, காசில்லாமல். வாசலுக்கு வந்ததை உங்கள் ஒரு வார்த்தை குப்பைக்கு அனுப்பியது.

அத்தை வீட்டில் பத்தாம் நாள் பார்த்தேன். மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது, பக்கத்தில் உங்கள் பொடி டப்பா. செவிலியர் வந்து அளந்தபோது பிரஷர் 190/110. 'தலை கனக்குது, அதான் மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன்' என்றார். இப்போது மறுபடி மாத்திரை எடுக்கிறார். அந்தக் கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் எடுக்கிறார்களா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், உங்களுக்கும்தான். அதே மண்டபத்துக்கு வாருங்கள். ஆட்களை நான் கூட்டுகிறேன். அதே ஒலிபெருக்கியில், மாத்திரையை நிறுத்தச் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டுப் போங்கள்.