போன வருசக் குழி

அன்னூர் பக்கம் ஒரு கிராமம். என்எஸ்எஸ் கேம்ப், மூணாவது நாள் காலை. மரக்கன்று நடக் குழி தோண்டிக்கிட்டு இருந்தோம். ஆடு ஓட்டிக்கிட்டு வந்த ஒரு பாட்டி கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: “போன வருசம் வந்த பசங்களும் இதே எடத்துலதான் தோண்டுனாங்க கண்ணு.”

சிரிச்சு சமாளிச்சோம். ஆனால் போன வருசக் கன்னு ஒண்ணுகூட அங்கே இல்லை. தண்ணி ஊத்த யாரும் திரும்பி வரலை. நாங்களும் ஏழாவது நாள் குரூப் போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறிட்டோம்.

என்எஸ்எஸ் 1969-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பதுதான் அதன் கொள்கை. வருசத்துக்கு 120 மணி நேரச் சேவை, அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம். விதி நல்ல விதிதான்.

கேம்ப்பே வேண்டாம்னு சொல்ல வரலை. பள்ளிக்கூட வராண்டாவில் படுத்து, ஊர்க்காரங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, எனக்கு அந்த ஏழு நாளில் கிடைச்சது நிறைய. பிரச்சனையே அதுதான். கிடைச்சது எல்லாம் எனக்குத்தான். ஊருக்கு என்ன கிடைச்சது? வெள்ளையடிச்ச ஒரு சுவர்.

இத்தனைக்கும் எங்களுக்குத் தெரிஞ்ச வேலை அந்த ஊரிலேயே இருந்தது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசி திட்டம் திறந்தாங்க. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் உபரி நீரை பம்ப் பண்ணி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம். ஆற்றில் உபரி இருந்தால்தான் குட்டைக்குத் தண்ணி. அப்போ எந்த மாசம் வந்தது, எவ்வளவு உயரம் நின்னது, எத்தனை நாளில் வத்தினது? இது ஊர்க்காரங்க கையில் எழுத்தில் இருந்தால், அதிகாரிகிட்டே பேசும்போது “தண்ணி சரியா வர்றதில்லைங்க”ங்கிறதைவிட கனமான பேச்சா இருக்கும்.

இதுக்குப் பெரிய ப்ராஜெக்ட் எதுவும் வேண்டாம். குட்டையில் ஒரு அளவுகோல் நடணும். மாசம் ரெண்டு தடவை ரெண்டு பேர் பைக்கில் போய்ப் பார்த்து எழுதணும். ஒரு நகல் பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்டணும். சிவில்காரங்க குட்டையை சர்வே பண்ணலாம். அடுத்த பேட்ச் அதே நோட்டை வாங்கித் தொடரணும். போற வழியில் கன்னுக்கும் ஒரு குடம் ஊத்திட்டு வரலாம்.

“செமஸ்டர், பிளேஸ்மெண்ட் நடுவுல நேரம் ஏது?”ன்னு கேட்பீங்க. அந்த 120 மணி நேரத்தில் பாதி, காலேஜ் ஃபங்ஷனுக்கு சேர் போடுறதிலேயே போகுது. அதுக்கு இருக்கிற நேரம் குட்டைக்கு இருக்காதா? கிராமத்தில் தங்கி, அங்குள்ள தேவையைக் கேட்டு வேலை செய்வதை கிரெடிட் உள்ள பாடமாகவே வைக்கலாம் என்பதற்கு எட்டிமடை அமிர்தாவின் ‘லிவ்-இன்-லேப்ஸ்’ பக்கத்திலேயே இருக்கிற உதாரணம்.

எனக்கு இது கடைசி வருசம், இனி கேம்ப் கிடையாது. அதனால் ஜூனியர்ஸுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இந்தத் தடவை கடப்பாரையைக் கையில் எடுக்கும் முன்னாடி, போன வருசம் தோண்டின குழி எதுன்னு ஊர்க்காரங்ககிட்டே கேளுங்க. அதிலிருந்து ஆரம்பிங்க.