பெரிய டிஸ்க் ஒன்றா, சின்ன டிஸ்க் இரண்டா?

செமஸ்டர் தொடங்கினால் போதும், விடுதியில் யாராவது ஒருவர் என் அறைக் கதவைத் தட்டி இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "மச்சி, எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கணும். 1 டிபி போதுமா, 2 டிபியா எடுத்துடவா?" நான் கணினி நிபுணன் ஒன்றும் கிடையாது. ஒரு தடவை சூடு பட்டவன், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். எத்தனை டிபி என்பது இரண்டாவது கேள்வி. அதில் வைக்கப்போகிற சரக்குக்கு இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாதவர் 10 டிபி வாங்கினாலும் ஒன்றுதான், 10 ஜிபி வாங்கினாலும் ஒன்றுதான்.

சூடு பட்ட கதைக்கு வருகிறேன். முதலாம் ஆண்டில் தமிழ் வகுப்புக்காக நாட்டுப்புறப் பாடல்கள் சேகரித்து வரச் சொன்னார்கள். ஊருக்குப் போய் அப்பாயியை உட்கார வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்தேன். நடவுப் பாட்டு, தாலாட்டு, நடுநடுவே தாத்தாவைப் பற்றிய புகார்கள் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். அசைன்மென்ட் முடிந்தது, மார்க்கும் வந்தது. பிறகு ஒருநாள் கைப்பேசியில் இடமில்லை என்று வந்ததும், மலிவாகக் கிடைத்த 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றை வாங்கி, படம், போட்டோ, பாட்டு எல்லாவற்றையும் மடிக்கணினி வழியாக அதற்கு மாற்றினேன். காப்பி அல்ல, கட். கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. திருப்தியாகப் பிடுங்கி மேசைக்குள் போட்டேன்.

அடுத்த வருடம் அப்பாயி இறந்துபோனார். காரியம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அத்தை, "அம்மா பாடினத ரெக்கார்டு பண்ணினியே, அதைக் கொஞ்சம் போடுப்பா" என்றார். பென் டிரைவைச் செருகினேன். பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, எதுவும் ஓடவில்லை. அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

சீனியர் ஒருவர் சோதித்துப் பார்த்துச் சொன்னார். 64 ஜிபி என்று எழுதியிருந்த அந்த பென் டிரைவின் உண்மையான கொள்ளளவு 8 ஜிபிதான். இந்த மோசடி இப்படித்தான் நடக்கிறது. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை, கணினி கேட்டால் "64" என்று பொய் சொல்லும்படி மாற்றிவிடுவார்கள். 8 ஜிபி நிரம்பிய பிறகு வருகிற தகவலை அது பழையதின் மேலேயே எழுதும். அல்லது எழுதிவிட்டதாகச் சொல்லிவிட்டுக் காற்றில் விடும். கோப்புகளின் பட்டியல் மட்டும் தொடக்கத்தில் பத்திரமாக இருக்கும். அதனால்தான் பெயரும் அளவும் தெரிந்தன.

ஏமாற்றியது பென் டிரைவ் செய்தவர்கள்தான். ஆனால் குரல் போனதற்கு நானும் பொறுப்பு. புதுச் சாமானைச் சோதிக்கவில்லை. கட் செய்தேன். மாற்றிய பிறகு ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு பிரதி வைத்திருந்தேன்.

சின்னப் பையன் செய்த தவறு என்று நினைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்றில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைப் போட்டுவைக்கும் ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்துபோனது. உள்ளே இருந்தது 858 டிபி. வெளியே வேறு பிரதி இல்லை. ஏன் இல்லை என்றால், பேக்கப் எடுக்க முடியாத அளவுக்குப் பெரியது என்றார்கள்! நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பெரிய பெட்டி வாங்கப் பணம் இருந்தது, இரண்டாவது பெட்டிக்கு இல்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தவறான கட்டளை கொடுக்க, படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. பேக்கப்பை எடுத்தால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்து வேலையைத் தொடர்ந்தார்கள். பெரிய ஸ்டூடியோவைக் காப்பாற்றியது பெரிய டிஸ்க் அல்ல, வேறு இடத்தில் இருந்த இன்னொரு டிஸ்க்.

"இப்பதான் கிளவுட் இருக்கே, டிஸ்க் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நானும் பயன்படுத்துகிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை மெயில், போட்டோ, டிரைவ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை நீக்கலாம் என்பதும் அவர்களுடைய விதி. கல்லூரி கொடுத்த மெயில் கணக்கு என்றால், படிப்பு முடிந்ததும் அது தொடரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இன்னொன்று, கைப்பேசியோடு ஒத்திசைந்து இயங்கும் கிளவுடில், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கிளவுட் ஒரு பிரதி, சரி. அதுவே ஒரே பிரதியாக இருக்கக்கூடாது.

சரி, எதை வாங்குவது? தினமும் வேலை செய்ய எஸ்எஸ்டி. உள்ளே சுழலும் பாகம் இல்லை, வேகம் அதிகம், கை தவறி விழுந்தாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. சேர்த்து வைக்கச் சாதாரண ஹார்டு டிஸ்க். ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் ஓடும்போது கீழே போட்டால் கதை முடிந்தது. எஸ்எஸ்டியை மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் வைப்பதும் நல்லதல்ல, அதிலுள்ள மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். பென் டிரைவ் பேருந்து மாதிரி. ஏறிப் போய்ச் சேரலாம், அதிலேயே குடியிருக்கக் கூடாது.

எதை வாங்கினாலும் முதல் நாளே முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. 1 டிபி வாங்கி விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் மட்டும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அது மோசடி இல்லை :-)

இனி மாற்றும் வேலை. "எஸ்எஸ்டி வாங்கியும் ஸ்லோவா இருக்கு" என்று புலம்புகிறவர்கள் முதலில் கேபிளைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0-வின் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில் 35 எம்பி கிடைத்தால் பெரிது. 100 ஜிபி மாற்ற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதையே யுஎஸ்பி 3.0 வழியாக எஸ்எஸ்டியில், விநாடிக்கு 400 எம்பி வேகத்தில் மாற்றினால் சுமார் 4 நிமிடம். கைப்பேசியோடு வரும் டைப்-சி சார்ஜர் கேபிள்கள் பலவும் 2.0 வகைதான். முனை ஒரே மாதிரி இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

பெரிய வீடியோவை ஏற்க மறுத்தால் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும் (மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முதலில் எடுத்து வையுங்கள்). ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் என்றால் ஜிப் செய்து ஒரே கோப்பாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவை அப்படியே அனுப்பினால் அளவைச் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அறை நண்பனுக்குக் கொடுக்க லோக்கல்சென்ட் போதும். ஒரே வைஃபையில் இருந்தால் டேட்டா செலவு கிடையாது.

ஒரே ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட் கூடாது. காப்பி செய்யுங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்து பாருங்கள், அதன் பிறகு பழையதை அழியுங்கள். அதுவும் இன்னொரு பிரதி இருந்தால் மட்டும்.

"இரண்டு 1 டிபி வாங்கினால் ஒரு 2 டிபியை விட விலை கூடுமே" என்பது நியாயமான கேள்வி. கூடும்தான். ஆனால் உங்கள் 2 டிபியில் என்ன இருக்கும் என்று நேர்மையாக யோசியுங்கள். முக்கால்வாசி சினிமா. அது மறுபடியும் கிடைக்கும். மறுபடி கிடைக்காதவற்றை மட்டும் தனியே எடுத்தால் பெரும்பாலோருக்கு 100 ஜிபி தாண்டாது. அதற்கு இரண்டு சின்ன டிஸ்க் தாராளம்.

இப்போது என்னிடம் இரண்டு 1 டிபி ஹார்டு டிஸ்க் இருக்கின்றன. ஒன்று விடுதியில், மற்றது ஊரில் அம்மாவின் பீரோவில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது கையில் இருப்பதைக் கொண்டுபோய்ப் புதியவற்றை ஏற்றி, இடம் மாற்றி வைத்துவிட்டு வருகிறேன். நடுவில் எழுதும் பிராஜெக்ட் மட்டும் கிளவுடில்.

அப்பாயியின் பதிவில் ஒரு தாலாட்டு மட்டும் பிழைத்தது. ஆறு நிமிடம். பதிவு செய்த அன்றே சித்தப்பா மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று அனுப்பியிருந்தேன், அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். அந்த ஆறு நிமிடம் இன்று இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறது. அத்தையிடமும் கொடுத்துவிட்டேன். மீதி ஒரு மணி நேரம் இருபத்து நான்கு நிமிடம் எங்கேயும் இல்லை.

அடுத்த முறை "எத்தனை டிபி மச்சி?" என்று கதவைத் தட்டுவதற்கு முன்னால், உங்களிடம் ஒரே ஒரு பிரதியாக இருப்பது எது என்று யோசித்துவிட்டு வாருங்கள். டிஸ்க் வாங்குவதை அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒன்றை இன்று ராத்திரியே வேறொரு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.