ஒப்புக்குச் சப்பாணிக்கு இடமில்லாத ஆட்டம்

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் தெருக்களில் கண்ணாமூச்சியும் கல்லா மண்ணாவும் ஆடி வளர்ந்தவர்களுக்கு ஒப்புக்குச் சப்பாணியைத் தெரியும். அக்கா விளையாட வரும்போது இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட தம்பிதான் அவன். அவனைத் தொட்டாலும் அவுட் கிடையாது. அவன் யாரையாவது பிடித்தாலும் கணக்கில் சேராது. ஓடுவான், விழுவான், அழுவான், பெரிய பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் "இனிமே நானும் நெசமா ஆடுவேன்" என்று வந்து நிற்பான். பெயரில் கேலி இருந்தது என்னவோ உண்மை. ஆனாலும் அந்தப் பெயரோடு அவனுக்கு ஓர் இடமும் இருந்தது.

அதே தெருத் திண்ணைகளில் இப்போது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற போன் துப்பாக்கி ஆட்டம் ஓடுகிறது. ஒரு ஸ்குவாடில் நாலு பேருக்குத்தான் இடம். ஐந்தாவதாக வரும் சின்னவனைச் சும்மா சேர்த்துக்கொள்ள ஆட்டத்தில் வழியில்லை. அவன் தனியே போனில் நுழைகிறான். கம்ப்யூட்டர் அவனை முகம் தெரியாத மூன்று பேரோடு கோத்துவிடுகிறது. துப்பாக்கி எடுக்கத் தடுமாறிய மறுகணம் மைக்கில் விழுகிறது முதல் வார்த்தை: "டேய் நூப்!" ஆடத் தெரியாத புதியவன் என்று பொருள். அதற்குப் பின்னால் வருபவை அச்சில் ஏற்ற முடியாதவை.

இந்த ஆட்டங்கள் இங்கே வேர்விட்டதற்குக் காரணங்கள் உண்டு. 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. மறு ஆண்டு வந்த சிங்கப்பூர் கரீனா நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயர், விலை குறைந்த போனிலும் ஓடியது. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு வீடு போன் வாங்கினார்கள். விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு, பிள்ளையின் காதில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க நேரம் ஏது?

திட்டுகிறவர்கள் தங்களைச் சீனியர் என்கிறார்கள். அந்தச் சீனியர் பட்டம் எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதை மத்திய அரசின் தடைகள் காட்டின. 2020 செப்டம்பர் 2 அன்று இதே வகை ஆட்டமான பப்ஜி உட்பட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. பப்ஜியில் உச்சத்தில் இருந்தவர்கள் ஃப்ரீ ஃபயருக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றார்கள். அங்கே நூப் பட்டம் அவர்களுக்கே கிடைத்தது. 2021 ஜூலையில் பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது, 2023இல் திரும்பி வந்தது. இடையில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடைப்பட்டியலில் சேர, ஆடியவர்கள் ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்கு மாறினார்கள்.

இந்த வசைப்பேச்சு எந்த அளவுக்குப் போகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. யூடியூப்பில் ஆட்டத்தை நேரலையாகக் காட்டி லட்சக்கணக்கானோரைச் சேர்த்திருந்த 'பப்ஜி' மதனை 2021 ஜூனில் தர்மபுரியில் போலீஸ் கைது செய்தது. ஆட்டத்தின் நடுவே பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்பது புகார். வழக்கின் முடிவைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அந்தப் பேச்சை ரசித்துக் கேட்ட கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். சீனியர் என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் அங்கே படித்தார்கள்.

உண்மையில் அதிகம் திட்டுகிறவர் யார்? 2015இல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் காசுமோவிக், குஸ்நெகாஃப் என்ற இருவர் ஹாலோ 3 ஆட்டத்தை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டத்தில் பெண் குரல் கேட்டதும் கடுமை காட்டியவர்கள் திறமை குறைந்த ஆண்கள். திறமை மிக்கவர்கள் நல்லவிதமாகவே பேசினார்கள். பெண்களைப் பற்றிய முடிவுதான் என்றாலும், புதியவர் விஷயத்திலும் இது யோசிக்க வைக்கிறது. தன் இடம் பறிபோகுமோ என்ற பயம் உள்ளவனுக்குத்தான் இன்னொருவனை மட்டம் தட்டும் அவசரம் வருகிறது.

அந்தப் பயத்தை ஆட்டமே வளர்க்கிறது. அணி சீக்கிரம் விழுந்தால் ரேங்க் புள்ளி குறையும். பல வாரம் கண்விழித்துச் சேர்த்த புள்ளி, முன்பின் தெரியாத ஒருவனால் பத்து நிமிடத்தில் போகிறது. சீனியரின் கோபத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கற்றுக்கொள்ள வந்த சிறுவன் தலையில் அந்தக் கோபத்தை இறக்குவதுதான் தவறு.

வேறு விதமாகவும் ஆட்டத்தை அமைக்கலாம். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களை வேட்டையாடித் தீர்த்தார்கள். தாங்க முடியாமல் 2000இல் அதை நடத்திய நிறுவனம், சம்மதமில்லாமல் ஒருவரையொருவர் கொல்ல முடியாத இன்னோர் உலகத்தையே அதற்குள் உருவாக்கியது. ஜப்பானின் ஃபைனல் ஃபேன்டசி 14 இன்னும் நயமாக யோசித்தது. புதியவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இளந்தளிர் முளைத்திருக்கும். ஒரு களத்துக்கு முதல்முறை வருகிறவர் அணியில் இருந்தால், அதை முடித்ததும் அணிக்கே கூடுதல் பரிசு. அங்கே புதியவன் பாரம் இல்லை, வரவு.

ஆன்லைன் ஆட்டம் என்றதும் நம் அரசுகளும் நிறுவனங்களும் நேரத்தையும் பணத்தையும் மட்டுமே எண்ணுகின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு பிஜிஎம்ஐயில் நாளுக்கு மூன்று மணி நேர வரம்பு உண்டு. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. இரண்டும் தேவைதான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளை காதில் விழும் பேச்சுக்கு யார் பொறுப்பு? திட்டுகிறவரைப் புகார் செய்யப் பொத்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று புதியவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

நேரில் ஆடும் ஆட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியகுளத்தில் ஆண்டுதோறும் மே மாதம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. அப்படிப்பட்ட மைதானத்திலும் பெரியவர்கள் திட்டுவார்கள். ஆனால் திட்டியவரின் முகமும் வீடும் ஊருக்குத் தெரியும். மறுநாள் டீக்கடையில் அதே பையனை எதிர்கொண்டாக வேண்டும். போனில் அந்தக் கூச்சத்துக்கு வேலையில்லை. இரவல் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எதையும் பேசலாம்.

ஆகவே கோரிக்கை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் அண்ணன்களுக்குத்தான். நிறுவனம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒருநாள் ஸ்குவாடின் நாலாவது இடத்தைத் தெருவில் புதிதாக ஆட வந்தவனுக்குக் கொடுங்கள். எங்கே இறங்குவது, எப்போது பதுங்குவது, வசை பாடுபவனை எப்படி மியூட் செய்வது என்று காட்டிக்கொடுங்கள். ரேங்க் கணக்கில் சேராத ஆட்டமுறையும் அதே செயலியில்தான் இருக்கிறது. அதில் அவன் முதல் நிமிடத்திலேயே செத்து விழுந்தாலும் உங்களுக்கு ஒரு புள்ளிகூடக் குறையாது.