பென்ஸிலில் ஒரு மோட்டார்

"அம்மா, ஒரு கார் போட்டுக் கொடேன்!" என்று காகிதத்தை நீட்டுகிற பிள்ளையிடம், "அப்பா வரட்டும்" என்று சொல்லித் தப்பித்துக் கொள்கிறவரா நீங்கள்? வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இழுக்கிற கைக்கு ஒரு கார்ட்டூன் கார் எம்மாத்திரம்!

அம்பாஸடரை எடுத்துக் கொள்ளுங்கள். 2014-ல் அதைச் செய்வதை நிறுத்தி விட்டார்கள். ஆனால் என்ன? சித்திரத்துக்கு அதைப் போல் வாய்த்த வண்டி வேறு கிடையாது. எங்கே பார்த்தாலும் உருண்டை. பெரிய இட்டிலியின் மேல் சின்ன இட்டிலியை உட்கார்த்தி வைத்தது போல! அந்த உருண்டையை இன்னும் உருண்டையாக்கி, நீளத்தைப் பாதியாகக் குறைத்து, சக்கரங்களைப் பெரிதாகப் போடுங்கள். கார்ட்டூன் ஆகிவிட்டது. இதற்கு எச்.பி. பென்ஸில் போதும். கோடு பட்டும் படாமலும் இருக்கட்டும்.

கண் எங்கே வைப்பது? முன் விளக்குகளைக் கண்ணாக்குவது எல்லாரும் செய்வது. வால்ட் டிஸ்னி கம்பெனியார் 1952-ல் எடுத்த 'ஸூஸி' என்ற நீலக் காரின் கதையில், முன் கண்ணாடியிலேயே விழிகளை வைத்தார்கள். 2006-ல் வந்த 'கார்ஸ்' படத்திலும் அப்படித்தான். எனக்கு இதுதான் பிடிக்கிறது. விளக்கில் வைத்தால் கண் வாய்க்குப் பக்கத்தில் இறங்கி விடுகிறது. கண்ணாடியில் வைத்தாலோ, பானெட் முழுவதும் மூக்கும் கன்னமுமாகி விடுகிறது!

இனி நிழல். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருவதாக வைத்துக் கொள்வோம். கூரையிலும் பானெட்டிலும் அந்தப் பக்கம் சிறிது இடத்தை வெறும் காகிதமாகவே விட்டு விடுங்கள். பளபளப்பு என்பது அதுதான். மற்ற இடங்களில் 2 பி பென்ஸிலைச் சாய்த்துப் பிடித்து, உடம்பின் வளைவோடு வளைவாக லேசாகத் தீட்டுங்கள். கறுப்பு போதவில்லையென்றால் அழுத்தாதீர்கள். அதன் மேலேயே இன்னொரு முறை தீட்டுங்கள். மட்கார்டுக்கு அடியிலும் டயரிலும் 6 பி. இதில் களிமண் குறைவு, கிராஃபைட் அதிகம். அதனால்தான் அத்தனை கறுப்பு. விரலால் தேய்க்க வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை காகிதத்தில் திட்டாக நின்றுவிடும். பஞ்சால் ஒற்றலாம்.

எல்லாவற்றிலும் கறுப்பு, டயர் தரையைத் தொடுகிற இடம். அதை விட்டு விட்டால் எவ்வளவு நன்றாகப் போட்டாலும் வண்டி ஆகாயத்தில் மிதக்கும். கடைசியாக, ரப்பரின் முனையால் கண்ணாடியில் குறுக்கே ஒரு இழுப்பு. கண்ணாடி மின்னுகிறதா?

ஒரு விஷயம். இவ்வளவும் உங்கள் காகிதத்தில்தான். பிள்ளையின் காகிதத்தில் கை வைக்காதீர்கள். "இப்படி இல்லைடா கண்ணா" என்று நாம் அழகாகத் திருத்திக் கொடுத்த காரை ஸ்கூலில் எல்லாரும் மெச்சுவார்கள். ஆனால் அது தன் கார் இல்லை என்று பிள்ளைக்குத் தெரியும். அடுத்த தடவை பென்ஸிலை எடுக்காமல் உங்களிடமே நீட்டும்.

பக்கவாட்டில் பார்க்கிற காருக்கு நான்கு சக்கரத்தையும் வரிசையாகப் போட்டிருக்கிறதா? இருக்கட்டும். காருக்கு நான்கு சக்கரம் என்று அதற்குத் தெரியும், போட்டிருக்கிறது. சாயங்காலம் தெருவில் நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் அழைத்துப் போய், எத்தனை தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.