ஸ்ராஃபாவுக்கு எத்தனை மதிப்பெண்?

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் பொருளியல் துறைக்கு உதவிப் பேராசிரியர் தேர்வு. பாட வல்லுநராக என்னை அழைத்திருந்தார்கள். 14 பேர், 14 கோப்புகள். ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரே மாதிரி மதிப்பெண் தாள்: கட்டுரை எத்தனை, ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழில் எத்தனை, சைட்டேஷன் (மேற்கோள் எண்ணிக்கை) எவ்வளவு, எச்-இண்டெக்ஸ் என்ன. வந்தவர்களில் ஒரு பெண், பழைய ஜமீன் ஒன்றின் கணக்குப் பேரேடுகளை ஆறு வருடம் உட்கார்ந்து படித்து, படியெடுத்து, வழக்கொழிந்த அளவைப் பெயர்களுக்கெல்லாம் குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தார். கட்டு அரை அடி உயரம் இருக்கும். தாளில் அதற்கு இடமே இல்லை. அலுவலக உதவியாளர் ‘இதர’ என்ற கட்டத்தில் சுழியம் போட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் பியரோ ஸ்ராஃபாவின் நினைப்பு வந்தது. 31 வருடம் வகுப்பில் அவர் பெயரைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். அந்தத் தாளை அவருக்கு நிரப்பினால் என்ன வரும்?

பொருளியலாளரான ஸ்ராஃபா 1898இல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தவர். 1927இல் கேம்பிரிட்ஜுக்கு வந்து, 1983இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் எழுதியது சொற்பம். 1926இல் ‘எகனாமிக் ஜர்னல்’ இதழில் 16 பக்கக் கட்டுரை ஒன்று. நிறைவற்ற போட்டியைப் பற்றிய ஜோன் ராபின்சனின் 1933ஆம் ஆண்டு நூல் அங்கிருந்துதான் புறப்பட்டது. பிறகு, பண்டங்களைக் கொண்டே பண்டங்கள் உற்பத்தியாவதைப் பற்றி ஏறக்குறைய நூறு பக்க நூல். 1920களின் கடைசியில் தொடங்கியதை 1960இல்தான் வெளியிட்டார். இன்னும் சில கட்டுரைகள், விவாதக் குறிப்புகள். அவ்வளவுதான்.

எச்-இண்டெக்ஸ் என்பது ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு. பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் பத்து. ஐந்தே கட்டுரை எழுதியவரை உலகமே மேற்கோள் காட்டினாலும் அவர் எண் ஐந்தைத் தாண்டாது. ஸ்ராஃபா வாயைத் திறக்குமுன்பே வாசலில் நின்றுவிடுவார்.

இதுகூடப் பரவாயில்லை, பொருளியலுக்காவது ஏதோ ஓர் எண் விழுகிறது. தத்துவத்துக்கு அதுவும் இல்லை. 1929இல் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய பின் அவரும் ஸ்ராஃபாவும் அடிக்கடி சந்தித்துப் பேசினார்கள். ஒரு கூற்றுக்கும் அது சுட்டும் நிலைமைக்கும் ஒரே தருக்க வடிவம் இருந்தாக வேண்டும் என்று விட்கென்ஸ்டைன் அடித்துப் பேசியபோது, ஸ்ராஃபா விரல் நுனிகளால் மோவாய்க்கு அடியிலிருந்து வெளியே வழித்துக் காட்டினாராம். நேப்பிள்ஸ் பக்கத்து ஆட்களின் அலட்சியச் சைகை அது. “இதற்கு என்ன தருக்க வடிவம்?” என்று கேட்டாராம். விட்கென்ஸ்டைனின் மாணவர் நார்மன் மால்கம் எழுதிவைத்த கதை இது. 1953இல் வெளிவந்த தன் ‘தத்துவ ஆய்வுகள்’ நூலின் முன்னுரையில், நூலின் மிக முக்கியமான கருத்துகளுக்கு ஸ்ராஃபாவின் விமர்சனமே தூண்டுதல் என்று விட்கென்ஸ்டைன் நன்றி சொல்கிறார். முன்னுரை நன்றியை எந்த மேற்கோள் பட்டியலும் எண்ணுவதில்லை. ஸ்ராஃபாவிடம் படித்த அமர்த்தியா சென் 2003இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சொல்வது இன்னும் வேடிக்கை: தான் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த சாதாரண விஷயம் என்றே ஸ்ராஃபா நினைத்தாராம்.

வரலாற்றுக்கு வருவோம். பழைய பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோவின் எழுத்துகளையும் கடிதங்களையும் பதிப்பிக்கும் வேலையை ஸ்ராஃபா 1930இல் ஏற்றார். வேலை முடிகிற சமயத்தில், 1943இல், அயர்லாந்தில் ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து ஜேம்ஸ் மில்லுக்கு ரிக்கார்டோ எழுதிய கடிதங்கள் கிடைத்தன. கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினார். முதல் தொகுதிகள் 1951இல் வந்தன. பதினோராவது தொகுதி வந்தது 1973இல். அது முழுக்கப் பொருளடைவு, எந்தப் பெயர், எந்தச் சொல் எங்கே வருகிறது என்று சொல்லும் பட்டியல். அதைக் கொண்டு ஆராய்ந்து கட்டுரை எழுதுகிறவருக்கு மதிப்பெண் உண்டு. பட்டியல் போட்டவருக்கு ‘இதர’, சுழியம்.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. பம்பாயின் ‘எகனாமிக் வீக்லி’ 1963இல் வெளியிட்ட கிருஷ்ணா பரத்வாஜின் மதிப்புரை, ஸ்ராஃபாவின் 1960ஆம் ஆண்டு நூலைப் புரிந்துகொள்ள இன்றும் நல்ல வழி. பின்னாளில் டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆய்வு மையத்தை உருவாக்கியவர் அவர். மதிப்புரைக்கு அந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஒரு தேநீர் வேளையில் இளைய நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் மடக்கினார்: “சார், ஸ்ராஃபாவுக்கு கெய்ன்ஸ் இருந்தார். எனக்கு யார் இருக்கிறார்?”

என்னிடம் பதில் இல்லை. ஸ்ராஃபாவை கேம்பிரிட்ஜுக்கு அழைத்ததே பொருளியலாளர் கெய்ன்ஸ்தான். ஸ்ராஃபாவுக்கு விரிவுரை ஆற்றுவது வேப்பங்காய் என்று தெரிந்ததும் நூலகப் பொறுப்பும் ரிக்கார்டோ பதிப்பு வேலையும் கிடைக்க வழிசெய்தார். 1940இல் எதிரி நாட்டவர் என்று ஸ்ராஃபாவை மான் தீவில் அடைத்தபோது, வெளியே கொண்டுவரப் பாடுபட்டவரும் அவரே. எழுதாமலேயே அறிஞராக இருக்க ஸ்ராஃபாவால் முடிந்தது என்றால், அதற்குக் காரணம் கேட்கும் இடத்தில் சொல்வதற்கு ஒரு பெரிய மனிதர் இருந்ததுதான். சிபாரிசு இல்லாத, வீட்டில் முதல் பட்டதாரியான ஒரு பிள்ளைக்கு எண்தான் கெய்ன்ஸ். “நான் பத்துப் பேப்பர் போட்டிருக்கிறேன், அவன் இரண்டு; அவனை எப்படி எடுத்தீர்கள்?” என்று அந்தப் பிள்ளை கேட்க முடிவது அந்தத் தாளால்தான். தாளே இல்லாத காலத்துத் தேர்வுகளையும் நான் பார்த்தவன். அந்தக் காலம் திரும்ப வேண்டாம்.

ஆகவே தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. இரண்டு மாற்றங்கள் போதும். ஒன்று, பதிப்பு, பொருளடைவு, மொழிபெயர்ப்பு, மதிப்புரை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். ‘இதர’ என்று ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. இரண்டு, விண்ணப்பதாரர் தன் வேலைகளில் தானே தேர்ந்து தரும் ஒன்றைக் குழுவில் இருவராவது முன்கூட்டியே படித்து, என்ன கண்டோம் என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த அரைப் பக்கம் விண்ணப்பதாரர் கைக்கும் போக வேண்டும். படித்ததற்கு ஆதாரம் இருந்தால் சிபாரிசுக்கு ஒளிய இடம் குறையும். நேரம் எங்கே என்பார்கள். அன்று 14 பேரின் மேற்கோள் எண்ணிக்கையைச் சரிபார்க்க எங்களுக்குக் காலை முழுவதும் ஆனது. அந்த நேரத்துக்குள் ஆளுக்குப் பத்துப் பக்கம் படித்திருக்கலாம்.

அந்தப் பெண்ணின் கட்டில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்த அளவை இன்றைக்கு எத்தனை படி, அதை எப்படிக் கண்டுபிடித்தாய் அம்மா?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவர் கட்டின் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. அவிழ்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை.