வெள்ளாடு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஈனவேண்டும்?

இறைச்சிக்காக வெள்ளாடு வளர்ப்போரிடையே, இரண்டு வருஷங்களில் மூன்று ஈற்று என்பது ஒரு விதிபோல் வழங்கிவருகிறது. வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஈன்ற 3 மாதங்களில் மறுபடியும் கிடாயுடன் சேர்த்தால், 8 மாதங்களுக்கு ஓர் ஈற்றாகிறது. கணக்கில் பிழையில்லை, ஆனால் அக்கணக்கில் மழையும் மேய்ச்சலும் சேர்க்கப்படவில்லை. சுந்தரபாண்டியத்தையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் பொறுத்தவரை, மேய்ச்சலை மட்டும் நம்பிய மந்தைக்கு வருஷத்துக்கு ஓர் ஈற்றே உசிதமானது.

இதன் காரணத்தை மாதவாரியாகப் பார்த்தல் நலம். ஆவணியில் சினையான பெட்டையாடு தை மாதத்தில் ஈனும். குட்டி வயிற்றில் விரைந்து வளர்வது கடைசி இரண்டு மாதங்களிலேயாம். அப்பொழுது வடகிழக்குப் பருவமழையால் தழை மிகுந்திருக்கும். ஈனுங்கால் பெருமழை ஓய்ந்துவிடும். தாய்க்குப் பால் சுரக்கும். அதே ஆட்டைச் சித்திரையில் மீண்டும் கிடாயுடன் சேர்த்தால், புரட்டாசியில் ஈனும். குட்டிக்கு ஒரு மாதம் நிரம்பும்முன் ஐப்பசி மழை தொடங்கி, ஈரத் தரையில் குட்டிகள் சளியும் கழிச்சலும் கண்டு மடியும். மூன்றாம் ஈற்று வைகாசியில் நேரும். கோடையில் தாய்க்கே இரையில்லாதபோது குட்டிக்குப் பால் ஏது? ஆகவே மூன்று ஈற்றுக்களில் ஒன்றுதான் இயற்கையின் உதவியைப் பெறுகிறது.

உதாரணமாக, 10 பெட்டையாடுகள் இரண்டு வருஷங்களில் 30 முறை ஈன்று 45 குட்டிகள் பிறந்து, அவற்றுள் 20 மடியுமாயின், எஞ்சுவன 25. அவையே 20 முறை ஈன்று 30 குட்டிகள் பிறந்து, 4 மட்டும் மடியுமாயின், எஞ்சுவன 26. முன்னதில் தாய்கள் எலும்பும் தோலுமாகும். பின்னதில் அடுத்த ஈற்றுக்கு ஆயத்தமாக நிற்கும். பிறந்த குட்டிகளை எண்ணுதல் லாபக் கணக்கன்று. சந்தைக்குச் சென்ற குட்டிகளை எண்ணுதலே லாபக் கணக்கு. தையில் பிறந்த கிடாய்க்குட்டி, ஐப்பசியில் தீபாவளி விற்பனைக்கு 9 மாத வளர்ச்சியுடன் நிற்கும் என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆடுகளை வாரத்துக்கு விடும் நிலக்காரர்கள் இதனை முக்கியமாகக் கருதவேண்டும். குட்டிகளைப் பங்கிடும் ஏற்பாட்டில், அடிக்கடி ஈன்றால் இருவருக்கும் ஆதாயமென்று தோன்றும். தாயாடு தேய்ந்து மடியும் நஷ்டமோ உடையவரைச் சேர்ந்தது. பால் மறந்த குட்டிகளையே பங்கிடுவதென்று பேசிக்கொண்டால், குட்டியைப் பிழைக்கச் செய்வதில் மேய்ப்பவருக்கும் அக்கறை உண்டாகும்.

கிடாய் வருஷம் முழுதும் மந்தையில் திரிந்தால், மாதத்தைத் தெரிந்தெடுப்பது இயலாது. அதைத் தனியே கட்டிவைத்து, ஆடிக் கடைசி முதல் சுமார் 6 வாரம் மட்டும் சேர்த்தல்வேண்டும். பெட்டையாடு ஏறக்குறைய 21 நாளுக்கொரு முறை பருவத்துக்கு வருமாதலால், ஒரு முறை தவறினும் மறுமுறை சினையாகும். 20 அல்லது 25 பெட்டைகளுக்கு ஒரு கிடாய் போதும். இரண்டு வருஷங்களுக்கொரு முறை கிடாயை மாற்றாவிடில், அது தன் குட்டிகளையே சேரும். கன்னியாடு முதலிய நம் ஜில்லாவின் நல்லினங்களும் அதனால் நலிந்துபோகும். கிடாய்க்குட்டிகளை மூன்றாம் மாதத்திலேயே பிரித்துவிடவேண்டும். பெட்டைக்குட்டி ஒரு வயதை அணுகி, தாயின் எடையில் மூன்றில் இரண்டு பங்கேனும் அடையும்முன் சினையாதல் தகாது.

கிணற்றுப் பாசனத்தில் அகத்தியும் தீவனச் சோளமும் பயிரிட்டு, கடலைக்கொடியைச் சேமித்து, மழையில் நனையாத மேட்டுக் கொட்டிலும் உடையவர்கள் 8 மாத முறையைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம். அவர்களும் மெலிந்த ஆட்டுக்கு ஒரு முறை ஓய்வளித்தல்வேண்டும்.

தனித்தனியே கிடாய் வைத்துக் காத்தல் சிறு மந்தைக்காரர்களுக்குச் சிரமமே. நான்கைந்து மந்தைகளுக்குப் பொதுவாக ஒரு நல்ல கிடாயை வைத்துக்கொள்ள ஊராட்சித் தலைவர்களும் கிராம அலுவலர்களும் ஏற்பாடு செய்வார்களாயின், அவர்கள் ஊருக்குச் செய்யும் உபகாரம் சிறிதாகாது. ஆடி பிறக்குமுன் இதுபற்றிக் கலந்து முடிவு செய்தல் நலம்.