பெட்டியில் வைத்த கூறைப்பட்டு



1962 ஆகஸ்டு 16-இல் இந்திய-பிரெஞ்சு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் நம் காரைக்காலில் பல. அவர்களுடைய மக்களும் பேரமக்களும் இன்று பிரான்சில் வாழ்கின்றனர். அங்கே ஒரு திருமணம் என்றால் இங்கிருந்து பாட்டியார் புறப்படுவார். பெட்டியின் அடியில் அவருடைய கூறைப்பட்டு இருக்கும். பேத்தி அதை ஒருமுறையேனும் உடுத்தவேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே சென்று விரித்தால் வரிவரியாகச் சுருக்கம்; சில வேளைகளில் மடிந்த இடத்திலேயே பட்டு விண்டிருக்கும். சுருக்கத்தைத் தேய்த்து நீக்கலாம். விண்ட பட்டை என் செய்வது?

துணி கசங்குவதற்குப் பெட்டியின் நெருக்கம் மட்டுமே காரணமன்று. ஈரமும் அதனோடு சேரவேண்டும். பருத்தி இழையின் நுண்ணிய பிணைப்புகள் ஈரத்தில் தளர்கின்றன. அழுத்தத்தில் இருந்தபடியே உலரும்போது புதிய நிலையில் மீண்டும் இறுகுகின்றன. இஸ்திரிப் பெட்டி செய்யும் வேலையும் இதுவே. நம்முடையதோ கடற்கரை ஊர். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் காய்ந்த துணியும் தொட்டால் தண்ணென்றிருக்கும். அதை அப்படியே பெட்டியில் அடுக்குவோர், சுருக்கத்தைத் தாமே தேய்த்துப் பதிக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும். தேய்த்த சூடு ஆறுமுன் மடிப்பதும் அத்தகையதே. ஓரிரு மணிநேரம் ஆறவிட்டு அடுக்குங்கள். பயணத்திற்குரிய வேட்டி சட்டைக்குக் கஞ்சி வேண்டாம். கஞ்சியிட்ட துணியில் விழும் மடிப்பு எளிதில் போகாது. பனியன், கம்பளிச் சட்டை முதலியவற்றைச் சுருட்டியே வைக்கலாம். பாலியெஸ்டரைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது தானே நிமிர்ந்துகொள்ளும்.

பட்டுக்குத் தனிக் கவனம் தேவை. அசல் சரிகை என்பது நூலின்மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. உலோகக் கம்பியை ஒரே இடத்தில் பன்முறை வளைத்தால் ஒடியாதா? ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த புடவைக்கு நேர்வதும் அதுவே. ஆகவே, பயணம் இல்லாவிடினும் ஆண்டுக்கு இருமுறை விரித்து நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள்.

ஆலயங்களில் பீடத்துகில்களை மடிக்காமல் உருளையில் சுற்றி வைக்கும் பழக்கம் உண்டு. அதே முறை புடவைக்கும் பொருந்தும். துணிக்கடையில் கிடைக்கும் அட்டைக் குழல் ஒன்றை வாங்கிப் பழைய மல் துணியால் மூடுங்கள். ஏறக்குறைய 48 அங்குல அகலமுள்ள புடவையை அகலவாக்கில் ஒரே மடிப்பாக மடித்து, மடிப்பினுள் சுருட்டிய துணியைக் கொடுத்துக் குழலில் தளரச் சுற்றினால் 24 அங்குலமே வரும். பெரிய பெட்டியில் குறுக்காகக் கிடத்திவிடலாம். மேலே பருத்தித் துணியே சுற்றவேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது.

போய்ச் சேர்ந்த அன்றே விரித்து ஓர் இரவு தொங்கவிடுங்கள். பட்டின்மேல் நீர் தெளிப்பது கூடாது, கறை தங்கிவிடும். பிறகும் சுருக்கம் தெரிந்தால், உட்புறத்தைத் திருப்பி, மேலே பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் தேய்த்தால் போதும்.